சுவரோரத்துப் பிள்ளைகள்: வட அயர்லாந்துப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: 2025 அக்டோபர் 6, பெல்ஃபாஸ்ட்

கலவரம் மூண்ட ஊர்களில் பிள்ளைகளையும் குடும்பங்களையும் தாங்கிப் பிடித்தவர்கள் யார், அதை எப்படிச் செய்தார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய பயணம் இது. நிவாரணப் பணியில் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. வீடுகள் எரிகிற இரவில் போர்வையோடும் பாலோடும் ஓடி வருகிறவர்களைப் பற்றிச் செய்திகள் வரும். எரிந்த தெருவில் அதற்குப் பிறகும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் வராது. அந்த இரண்டாம் வகையினரைத் தேடித்தான் இங்கே வந்திருக்கிறேன். கண்டதை அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுவதாக எண்ணம்.

1960-களின் இறுதியில் தொடங்கி, 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட பெரிய வெள்ளி ஒப்பந்தம் வரை நீடித்த மோதலை இங்குள்ளவர்கள் ‘ட்ரபிள்ஸ்’, அதாவது ‘தொல்லைகள்’, என்கிறார்கள். 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ஒன்றைத் தொல்லை என்று சொல்வது முதலில் உறுத்தியது. ஈழத்தில் நம்மவர்கள் போர்க்காலத்தைப் ‘பிரச்சினை நேரம்’ என்று சொல்வது நினைவுக்கு வந்ததும் அந்த உறுத்தல் போய்விட்டது. தினமும் வாயில் புழங்க வேண்டிய சொல் சிறியதாகத்தான் இருக்க முடியும் போலும். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்கள். ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள். இரு தரப்பு ஆயுதக் குழுக்களும், காவல்துறையும், பிரிட்டிஷ் ராணுவமும் கலந்த அந்த மோதலில் இறந்தவர்களுள் 16 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய பிள்ளைகள் மட்டும் 186 பேர். அவர்களில் முதல் பிள்ளை, 1969 ஆகஸ்ட் நடுவில், பெல்ஃபாஸ்டின் டிவிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் தன் வீட்டு அறைக்குள்ளேயே, காவல்துறையின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு சுவரைத் துளைத்து வந்ததால் இறந்த 9 வயதுச் சிறுவன்.

மாலையில் அந்த ஆகஸ்ட் மாதத்தின் தெருவுக்கே போனேன். அதன் பெயர் பம்பாய் தெரு. அதை ஒட்டிக் காஷ்மீர் சாலையும் கான்பூர் தெருவும் இருக்கின்றன. பேரரசுக் காலத்தில் வைத்த பெயர்கள். பலகைகளைப் படித்தபோது, பிறருடைய ஊரில் நம்முடைய பழைய வலி ஒன்றின் முகவரியைக் கண்டதுபோல் இருந்தது. 1969 ஆகஸ்ட் 15 அன்று பம்பாய் தெரு முழுவதும் எரிக்கப்பட்டது. அந்தக் கோடையில் பெல்ஃபாஸ்டில் வீட்டைவிட்டு ஓடிய குடும்பங்கள் 1,820 என்று, கலவரத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட ஸ்கார்மன் தீர்ப்பாயம் கணக்கிட்டது. அவற்றில் 1,505 கத்தோலிக்கக் குடும்பங்கள், 315 புராட்டஸ்டன்ட் குடும்பங்கள். பள்ளிக்கூடங்களின் கூடங்களில் பாய்போட்டுப் படுத்தவர்கள் போக, பலர் எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசுக்குள் சென்றார்கள். மீத் மாவட்டத்தின் கோர்மன்ஸ்டன் ராணுவ முகாம் அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. எரிந்த தெருவைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள், வேறு நாட்டு ராணுவம் ஒன்றின் படுக்கைகளில் உறங்கினார்கள்.

இன்று இருப்பவை மக்களே முன்னின்று திரும்பக் கட்டிய வீடுகள். அவற்றின் பின்முற்றங்கள்மேல் இரும்பு வலைக் கூண்டு போடப்பட்டிருக்கிறது. கூண்டுக்குப் பின்னால் சுவர்: அடியில் கான்கிரீட், அதற்குமேல் தகரம், அதற்கும் மேல் கம்பிவலை. கலவரம் நடந்த அடுத்த மாதமே, தற்காலிகம் என்று சொல்லி, ராணுவம் போட்ட தடுப்பின் வழித்தோன்றல் இது. 2023-க்குள் இத்தகைய சுவர்களையெல்லாம் அகற்றிவிடுவதாக வட அயர்லாந்து அரசு 2013-இல் அறிவித்தது. கூண்டுக்குள் ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டி கிடந்தது.

இரண்டாம் நாள்: அக்டோபர் 7, ஃபால்ஸ் சாலையும் ஷாங்கில் சாலையும்

இன்று முழுவதும் நடை. ஃபால்ஸ் கத்தோலிக்கப் பகுதி, ஷாங்கில் புராட்டஸ்டன்ட் பகுதி. இரண்டு சாலைகளும் ஏறத்தாழ இணையாகச் செல்கின்றன. இடையில் நேற்று பார்த்த சுவர்.

ஃபால்ஸ் பகுதியின் உள்தெருக்களில் நடந்தபோது, 1970 ஜூலை 3 முதல் 5 வரை இங்கே ராணுவம் விதித்த ஊரடங்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சுமார் மூவாயிரம் வீடுகள் ஒன்றரை நாள் அடைபட்டுக் கிடந்தன. வீடு வீடாகச் சோதனை, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச்சூடு. வீட்டுக்குள் பாலும் ரொட்டியும் தீர்ந்தன. மூன்றாம் நாள், மேற்கே ஆண்டர்சன்ஸ்டவுன் பக்கத்திலிருந்து பெண்கள் கூட்டமாகக் கிளம்பி, குழந்தைகளைத் தள்ளிச்செல்லும் வண்டிகளில் பாலையும் ரொட்டியையும் நிரப்பிக்கொண்டு, ராணுவ வரிசையை நோக்கி நடந்தார்கள். வழிமறித்து நின்ற வீரர்களால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. ஊரடங்கு அத்தோடு முறிந்தது. திரும்பும்போது சில வண்டிகளில் பாலுக்குப் பதிலாகத் துப்பாக்கிகள் வெளியே போயின என்றும் சொல்லுவார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதவி என்பது எப்போதும் தூய்மையான வெள்ளைத் துணி அல்ல; அந்தத் தெருவில் யார் கையில் எது இருந்ததோ அதுவெல்லாம் அந்த வண்டியில் ஏறியது. ஆனாலும், ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர்ப் பலகையும் இல்லாமல், கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதாமல், பசித்த பிள்ளைக்குப் பால் கொண்டுபோன அந்த நடைதான் இந்த நகரின் முதல் நிவாரணப் பணிகளில் ஒன்று என்பது என் எண்ணம்.

இங்கே ஓடும் கறுப்பு டாக்சிகளுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. பேருந்துகளைக் கடத்தித் தெருத்தடுப்பாக நிறுத்தி எரித்த காலத்தில் பேருந்துப் போக்குவரத்து அடிக்கடி நின்றுபோனது. லண்டனிலிருந்து பழைய கறுப்பு டாக்சிகளை வாங்கி வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, இரு சாலைகளிலும் ஓட்டினார்கள். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் சிறைச்சாலைப் பார்வைக்கும் தாய்மார் பிள்ளைகளோடு அடைந்து உட்கார்ந்து போனது இவற்றில்தான். இன்று அதே வண்டிகள் சுற்றுலாப் பயணிகளைச் சுவருக்கு அழைத்து வருகின்றன. வருகிறவர்கள் பேனாவால் சுவரில் பெயர் எழுதுகிறார்கள். நான் எழுதவில்லை, எழுதியவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஷாங்கில் பக்கம் 1993 அக்டோபர் 23 அன்று ஒரு மீன் கடையில் ஐஆர்ஏ (ஒன்றுபட்ட அயர்லாந்துக்காகப் போரிட்ட ‘ஐரிஷ் குடியரசுப் படை’ என்ற ஆயுதக் குழு) வைத்த குண்டு, எண்ணியதற்கு முன்பே வெடித்து, குண்டு வைத்தவர்களில் ஒருவரையும் பொதுமக்கள் ஒன்பது பேரையும் கொன்றது. ஒன்பது பேரில் 7 வயதும் 13 வயதுமான இரண்டு பெண்பிள்ளைகள். நினைவிடத்தின் முன்னால் நின்றபோது, காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ட நினைவுத் தோட்டத்திலும் இதே அளவுப் பூக்கள், இதே மாதிரிப் பளிங்குக் கல் என்பது தோன்றியது. இரு பக்கத்துக்காரர்களும் ஒரே கல்தச்சரிடம் போகிறார்களோ என்னவோ.

சுவரில் உள்ள லனார்க் வழி வாயிலில் சிறிது நேரம் நின்றேன். 2021 ஏப்ரல் 7 அன்று இந்த வாயிலருகே ஒரு பேருந்தைக் கடத்தி எரித்தார்கள்; சுவருக்கு மேலாக இரு புறமும் கல்லும் பெட்ரோல் குண்டும் பறந்தன. எறிந்தவர்களில் 12, 13 வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவர்கள் சிலர் நின்று கைதட்டி உசுப்பேற்றியதும் பதிவாகியிருக்கிறது. ஒப்பந்தம் எழுதி 23 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்களின் கையில் அந்தக் கல் எப்படி வந்தது? அடுத்தடுத்த இரவுகளில் இளைஞர் பணியாளர்களும் அக்கம்பக்கத்துப் பெற்றோரும் வாயிலுக்கு முன்னால் வரிசையாக நின்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

(பிற்சேர்க்கை: ‘23 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள்’ என்று மேலே அவசரத்தில் எழுதியது பிழை. ஒப்பந்தத்துக்குப் பத்து ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். கேள்வி மாறவில்லை.)

மூன்றாம் நாள்: அக்டோபர் 8, வட பெல்ஃபாஸ்ட்

காலை ஆர்டோயின் சாலையில், பள்ளி தொடங்கும் நேரம். பையும் உணவுப் பெட்டியுமாகச் சிறுமிகள் பேசிக்கொண்டே போனார்கள். ஹோலி கிராஸ் பெண்கள் தொடக்கப் பள்ளி இதே சாலையில்தான் இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளி; போகும் வழி புராட்டஸ்டன்ட் குடியிருப்பு. 2001 ஜூனில் அக்குடியிருப்பினர் தொடங்கிய மறியல், கோடை விடுமுறைக்குப் பின் செப்டம்பரில் மீண்டும் மூண்டு நவம்பர் வரை நீடித்தது. 4 வயது முதல் 11 வயது வரையுள்ள சிறுமிகள், கவசமணிந்த காவலர்கள் இரு புறமும் சுவர்போல் நிற்க, வசவுக்கும் எச்சிலுக்கும் கல்லுக்கும் நடுவே, பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். செப்டம்பர் 5 அன்று ஒரு வெடிகுண்டே வீசப்பட்டது. மறியல் செய்தவர்களுக்கும் தங்கள் குடியிருப்பு தாக்கப்படுகிறது என்ற அச்சமும் மனத்தாங்கலும் இருந்தன. அதைக் கேட்க வேறு இடங்கள் இருந்திருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூட வழி அதற்கான இடம் அல்ல.

அந்தச் சாலையின் நீளம் ஒரு சில நிமிட நடை. அவ்வளவுதான். நான் ஒருமுறை போய்த் திரும்பினேன். வழிகாட்டிப் பலகையோ நினைவுக்கல்லோ என் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் போய்வர ஒரு சாலை மீண்டும் வெறும் சாலையாகியிருப்பதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வேண்டியதில்லைதான்.

அலெக்சாண்ட்ரா பூங்கா அப்படி அல்ல. இரண்டு குடியிருப்புகளுக்குப் பொதுவான இந்தப் பூங்காவின் நடுவே குறுக்காக இரும்புச் சுவர் ஓடுகிறது. 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்தது. மறுநாள் இங்கே சுவர் எழத் தொடங்கியது. ஊஞ்சலும் சறுக்குமரமும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்தன. 2011-இல் ஒரு கதவு வைத்துப் பகல் வேளைகளில் திறக்கத் தொடங்கினார்கள். நான் போனபோது கதவு திறந்திருந்தது. இரு பக்கமும் போய்ப் பார்த்தேன். புல்லில் வேறுபாடு இல்லை.

பிற்பகலில் ஒரு சிறிய சமூக மையத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அறக்கட்டளையாகப் பதிவுபெற்ற மையம். ஆண்டுக்கு ஆண்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஆகவே மார்ச் மாதத்தில் யாருக்கு வேலை இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அங்கு இருபது ஆண்டுகளாகப் பணியாற்றும் ஓர் அம்மையார் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கோடையில் சுவரோரம் கல்லெறிவதை இங்கே கேலியாகப் ‘பொழுதுபோக்குக் கலவரம்’ என்பார்களாம். செய்ய வேறொன்றும் இல்லாத ஜூலை மாலையில், அந்தப் பக்கத்துப் பையன் திட்டினான் என்று தொடங்கும்; இரவு பத்து மணிக்குள் வீடு எரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆகவே ஜூலை மாதத்தில் நள்ளிரவு வரை கால்பந்து வைக்கிறார்கள், கடற்கரைக்கு அழைத்துப் போகிறார்கள், மையத்தைப் பூட்டுவதே இல்லை.

“கலவர இரவில் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“கதவைத் திறந்து வைப்போம், விளக்கைப் போடுவோம். பிறகு தெருவுக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்” என்றார். “முகமூடி போட்டிருந்தாலும் நடையைப் பார்த்தே யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் கல் கீழே விழும். எல்லா நேரமும் இல்லை.”

பெயரும் நடையும் தெரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளை நடைபழகிய நாள்முதல் அங்கே இருந்திருக்க வேண்டும். எந்த நிவாரண வண்டியிலும் ஏற்றிக் கொண்டுவர முடியாத பொருள் அது.

இன்னொன்றையும் காட்டினார்: மேசை இழுப்பறையில் பழைய கைபேசி ஒன்று. 1990-களின் இறுதியில் வட பெல்ஃபாஸ்டில், சுவரின் இரு புறமும் வாழ்ந்த சமூகப் பணியாளர்களுக்குக் கைபேசிகள் கொடுக்கப்பட்டன. கைபேசி எல்லோரிடமும் இல்லாத காலம். உன் பக்கத்திலிருந்து பிள்ளைகள் எறிகிறார்கள், வந்து கூட்டிப் போ என்று இங்கிருந்து அங்கே அழைப்பு போகும்; அடுத்த வாரம் அங்கிருந்து இங்கே வரும். பேசிக்கொண்டவர்கள் அரசியலில் ஒன்றுபடவில்லை, சிலர் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவே விரும்பவில்லை. எண் மட்டும் இருந்தது. அழைத்தால் எடுப்பார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. சமரசம் என்ற பெரிய சொல் இல்லாமலே எத்தனையோ வீடுகள் எரியாமல் தப்பின.

நான்காம் நாள்: அக்டோபர் 9, லினன் ஹால் நூலகம்

காலை முதல் மழை. 1788-இல் நிறுவப்பட்ட லினன் ஹால் நூலகத்தில் ஒதுங்கினேன். 1968-இல் நகர மதுக்கூடம் ஒன்றில் கையில் கொடுக்கப்பட்ட குடிமை உரிமைகள் இயக்கத் துண்டறிக்கை ஒன்றை நூலகர் எறியாமல் வைத்துக்கொண்டதில் தொடங்கிய தொகுப்பு, இன்று எல்லாத் தரப்பினரின் சுவரொட்டி, துண்டறிக்கை, சிறுபத்திரிகைகளையும் கொண்ட லட்சக்கணக்கான ஆவணங்களாக வளர்ந்திருக்கிறது.

நாள் முழுவதும் வாசித்தது விடுமுறைத் திட்டங்களைப் பற்றி. 1970-களில் வட அயர்லாந்துப் பிள்ளைகளைக் கோடையில் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதைப் பல அமைப்புகள் மேற்கொண்டன. அவற்றுள் பெரியது ‘புராஜெக்ட் சில்ட்ரன்’. கார்க் மாவட்டத்தில் பிறந்து, நியூயார்க் காவல்துறையின் வெடிகுண்டு பிரிவில் பணியாற்றிய டெனிஸ் மல்காஹி 1975-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் ஆறு பிள்ளைகள்: மூவர் கத்தோலிக்கர், மூவர் புராட்டஸ்டன்ட். நாற்பது ஆண்டுகளில் சுமார் 23,000 பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பங்களோடு ஆறு வாரம் தங்கி வந்தார்கள். பகலெல்லாம் குண்டு செயலிழக்கச் செய்தவருக்கு, குண்டுச் சத்தம் கேட்காத ஒரு கோடையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தோன்றியது இயல்புதான்.

இத்தகைய திட்டங்களின்மேல் ஆய்வாளர்களும் பெற்றோரும் வைத்த விமர்சனமும் அதே நூலகத்தில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஆறு வாரம் ஒரே வீட்டில் சேர்ந்து நீந்தி விளையாடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் விமான நிலையத்தில் இறங்கியதும் ஒருவன் சுவரின் இந்தப் பக்கமும் மற்றவன் அந்தப் பக்கமும் போகிறான். அவனைப் பார்க்கப் பேருந்தில் போவதே ஆபத்து. பெற்ற நட்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சிலருக்குத் திரும்பி வந்த பிறகு தம் தெரு இன்னும் இருண்டதாகத் தெரிந்தது. நான் இதில் நடுநிலை வகிக்க மாட்டேன். ஒரு பிள்ளைக்கு ஆறு வாரம் நிம்மதியான உறக்கம் கிடைத்தது என்றால் அதுவே போதிய காரணம். ஆனால் ஊரைவிட்டு வெளியே எடுத்துப்போவதையே தீர்வென்று நன்கொடையாளர்கள் நினைக்கத் தொடங்கியதில்தான் பிழை. புகைப்படத்தில் கடற்கரை நன்றாக விழும். ஆர்டோயின் தெருவின் செவ்வாய்க்கிழமை மாலை அப்படி விழாது.

உள்ளூரில் தங்கிச் செய்தவற்றில் இரண்டை மட்டும் குறித்துக்கொண்டேன். 1981-இல் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து, 28 மாணவர்களோடு, ஒரு சாரணர் கூடத்தில், இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் லாகன் கல்லூரியைத் தொடங்கினார்கள். அத்தகைய பள்ளிகளில் இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூடப் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றது இன்னும் சிறு வயதினருக்கானது. பேராசிரியர் பால் கானலி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வயதுப் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தம்மை ஏதோ ஒரு சமூகத்தோடு அடையாளப்படுத்தியதும், ஏறக்குறைய ஆறில் ஒருவர் மறுதரப்பை வெறுத்துப் பேசியதும் தெரியவந்தது. அதன்பின், 1965 முதல் மழலையர் விளையாட்டுக் குழுக்களை நடத்திவரும் ‘ஏர்லி இயர்ஸ்’ அமைப்பு, தொலைக்காட்சிக்கு ஒரு நிமிடக் கேலிச்சித்திரப் படங்களையும் வகுப்புக்குப் பொம்மைகளையும் கொண்டு மூன்று வயதிலேயே இந்தப் பேச்சைத் தொடங்கியது. ஐந்தில் வளையாதது என்று நாம் சொல்வதை இவர்கள் கணக்கெடுத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்: அக்டோபர் 10, டெரி

ஒரு தரப்பினருக்கு டெரி, மறு தரப்பினருக்கு லண்டன்டெரி. ரயில் பலகையில் இரு பெயரும் இருக்கின்றன. காசில்ராக்கைத் தாண்டியதும் சுரங்கம், பிறகு கடலோரமாகவே தண்டவாளம்; அந்த அழகைப் பற்றி எழுத இது இடமல்ல.

பாக்சைட் பகுதியின் சுவரோவியங்களில் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. 1971 செப்டம்பர் 6 அன்று ராணுவத்தினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 14 வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்து ஓவியப் பாடத்துக்காகத் தெருவில் கிடந்த ரப்பர் குண்டை எடுக்கப் போனாள் என்று சொல்லப்படுகிறது. 1999-இல் வரைந்தபோது பக்கத்தில் ஒரு துப்பாக்கி முழுதாக இருந்தது. மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி வெறும் கோட்டுருவமாக இருந்தது. 2006-இல் ஓவியர்கள் திரும்பி வந்து துப்பாக்கியை இரண்டாக முறித்து வரைந்து, வண்ணத்துப்பூச்சிக்கு நிறம் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் நிறம் தீட்டாமல் காத்திருந்த அந்தப் பொறுமையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் வட அயர்லாந்தில் 17 பேர் இறந்தார்கள். பிழைத்து உடலுறுப்பு இழந்தவர்கள் அதைவிடப் பலர். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் மூர். 1972 மே 4 அன்று, 10 வயதில், பள்ளிவிட்டு வீடு திரும்பும்போது ராணுவ வீரர் ஒருவர் சுட்ட ரப்பர் குண்டு முகத்தில் பட்டு இரண்டு கண்களும் போயின. பார்வையற்ற பிள்ளையைத் தொலைவில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்த காலத்தில், அவர் தம் ஊரிலேயே, நண்பர்களோடு படித்து வளர்ந்தார். 1996-இல் ‘சில்ட்ரன் இன் கிராஸ்ஃபயர்’ என்ற தொண்டு நிறுவனத்தை டெரியில் தொடங்கினார். அது தன்சானியாவிலும் எத்தியோப்பியாவிலும் சிறு பிள்ளைகளின் ஊட்டத்துக்கும் முன்பருவக் கல்விக்கும் உழைக்கிறது. தம்மைச் சுட்ட வீரரை 2006-இல் தேடிச் சென்று சந்தித்து நண்பராகிக்கொண்டார். தலாய் லாமா தம் நாயகன் என்று மூரைத்தான் சொல்கிறார்.

இந்த மன்னிப்பைப் பற்றி உலகம் எங்கும் எழுதிவிட்டார்கள். என் மனம் போனது வேறு பக்கம். கண்ணிழந்த பிள்ளையைச் சுற்றி ஒரு தெரு முழுவதும் சேர்ந்து நிற்காமல் போயிருந்தால் அந்த நிறுவனம் இருந்திருக்காது. அதற்கு நேர் எதிரான ஒன்றும் இந்த நாட்டில் நடந்தது. 1972 டிசம்பரில் டிவிஸ் குடியிருப்பிலிருந்து ஐஆர்ஏ கடத்திப்போய்க் கொன்று மறைத்த பெண் பத்துப் பிள்ளைகளின் தாய். தந்தை அந்த ஆண்டில்தான் நோயில் இறந்திருந்தார். வாரக்கணக்கில் அந்தப் பிள்ளைகள் தாமாகவே அடுப்பெரித்துக்கொண்டு இருந்தார்கள். அச்சத்தால் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. பிறகு அரசு அவர்களைப் பிரித்து வெவ்வேறு இல்லங்களுக்கு அனுப்பியது. தாயின் உடல் 2003-இல் எல்லைக்கு அப்பால் ஒரு கடற்கரையில் கிடைத்தது. வன்முறையில் துணைவரை இழந்தவர்களுக்காக எட்டுப் பேர் சேர்ந்து 1991-இல் தொடங்கிய ‘வேவ்’ அமைப்பு, ஐந்து ஊர்களில் மையங்கள் வைத்து, காணாமலாக்கப்பட்டோர் குடும்பங்களோடு இன்றும் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரின் வீட்டுக் கதவுக்கு மட்டும் அது இருபது ஆண்டு தாமதமாக வந்தது.

ஆறாம் நாள்: அக்டோபர் 11, பாலிகாசில்

கோல்ரெய்ன் வரை ரயில், பிறகு பேருந்து. பாலிகாசிலுக்கு வெளியே, கடலைப் பார்த்த மேட்டில், இரு சமூகத்தாரும் சேர்ந்து தங்கிப் பேசும் கொரிமீலா சமாதான மையம். எதிரே ராத்லின் தீவு. தெளிந்த நாளில் ஸ்காட்லாந்தும் தெரியும்.

ரே டேவி பிரஸ்பிட்டேரியன் போதகர், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான ஆன்மிக வழிகாட்டி. இரண்டாம் உலகப் போரில் சிறைபிடிக்கப்பட்டு, டிரெஸ்டன் நகர்மீது நடந்த குண்டுவீச்சை அருகிலிருந்து கண்டவர். அவரும் மாணவர்களும் 1965-இல் இந்த இடத்தை வாங்கினார்கள். தெருச் சண்டை தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. ஆகவே 1970-களில் பெல்ஃபாஸ்டின் எரியும் தெருக்களிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் சில நாட்கள் மூச்சுவிட வந்தபோது, அடுப்பும் படுக்கையும் ஏற்கெனவே இருந்தன. கலவரத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காத இடம் அது. கொரிமீலா என்றால் ‘இசைவின் குன்று’ என்று நம்பித்தான் மகிழ்ந்திருந்தார்களாம். மேடுபள்ளமான கடவுப்பாதை என்பதே சரியான பொருள் என்று பின்னால் ஐரிஷ் மொழி அறிந்தவர்கள் சொன்னார்கள். இந்தத் திருத்தத்தை அவர்களே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்கிறார்கள்.

நேற்று முன்தினம் விடுமுறைத் திட்டங்களைப் பற்றி எழுதிய கடுஞ்சொல்லை இங்கே சற்று இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ‘நீங்கள் இங்கிருந்து புறப்படும்போதுதான் கொரிமீலா தொடங்குகிறது’ என்பது இவர்களின் பழைய வாசகம். வந்த குடும்பங்களில் இரு பக்கத்தினரும் இருந்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியருகே பேச்சு தொடங்கியது. பெல்ஃபாஸ்ட் திரும்பியபின் பின்தொடர இங்கிருந்து ஆள் போனார்கள். வேறுபாடு தொலைவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நியூயார்க்கிலிருந்து ஒரு பிள்ளையைப் பின்தொடர முடியாது. பாலிகாசிலிலிருந்து பேருந்தில் போய்விடலாம்.

ஏழாம் நாள்: அக்டோபர் 12, பாலிமீனா வழியாக பெல்ஃபாஸ்ட்

பழைய கதையைப் பார்க்க வந்தவள் நான். ஆனால் கதை பழையதல்ல. 2024 ஆகஸ்ட் 3 அன்று பெல்ஃபாஸ்டில் குடியேறியவர்களின் கடைகள் எரிக்கப்பட்டன. இந்த ஆண்டு ஜூன் 9 முதல் பாலிமீனாவில் சில இரவுகள், ‘ஜிப்சி’ என்று பிறரால் அழைக்கப்பட்ட ரோமா மக்கள் உள்ளிட்ட வெளிநாட்டுக் குடும்பங்களின் வீடுகள் தாக்கப்பட்டன. பிள்ளைகளோடு பரணில் ஒளிந்திருந்த குடும்பங்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. வெளியேறியவர்களில் சிலருக்கு லார்ன் ஊரின் விளையாட்டு மையத்தில் இடம் கொடுத்தார்கள். ஜூன் 11 அன்று அதற்கும் தீ வைக்கப்பட்டது. 1969-இல் பள்ளிக்கூடத்தின் கூடத்துக்காவது யாரும் தீ வைக்கவில்லை என்று பெருமூச்சு விடும் நிலை. அந்த நாட்களில் சிலர் ‘இங்கே வசிப்பவர் பிலிப்பினோ’ என்று வாசற்கதவில் தாள் ஒட்டினார்கள். மருத்துவமனையில் உங்களுக்கு ஊசி போடுகிறவர் நான், என்னை விட்டுவிடுங்கள் என்பது அதன் பொருள். பக்கத்து வீட்டு ரோமாக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ள எந்தத் தாளும் இல்லை.

பாலிமீனாவில் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறும் இடைவெளியில் ஒரு தெருவரை நடந்தேன். பலகை அடித்த சன்னல்கள் சில, புதிதாகப் பொருத்திய கண்ணாடிகள் சில. அதற்குமேல் நின்று பார்ப்பது அந்தத் தெருக்காரர்களுக்கு மரியாதையாக இராது என்று திரும்பிவிட்டேன்.

பெல்ஃபாஸ்ட் வந்து சேர்ந்தபோது நான்கு மணி. ஃபால்ஸ் பக்கத்திலிருந்து ஷாங்கில் பக்கம் இருக்கும் விடுதிக்குக் குறுக்கு வழியில் போகலாம் என்று நடந்தால், சுவரின் வாயில் பூட்டியிருந்தது. வார இறுதிகளில் சில வாயில்களைத் திறப்பதில்லை; எனக்கு அது தெரியாது. எனக்கு முன்னால் குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண்ணும் பூட்டைப் பார்த்துவிட்டு நின்றாள். கைபேசியை எடுத்து, “மூடிவிட்டார்கள், சுற்றி வருகிறேன், பத்து நிமிடம்” என்று யாரிடமோ சொன்னாள். பிறகு வண்டியைத் திருப்பி, என்னையும் பின்னால் வரச்சொல்லித் தலையசைத்துவிட்டு, அடுத்த வாயிலை நோக்கி வேகமாக நடந்தாள்.